மீன் சாப்பிடாதவரின் மீன் புத்தகங்கள்

செல்லப்பா கவலைப்படக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. கம்பெனி பஸ் லேட்டாக வந்தால் கவலை. சரியான நேரத்துக்கு வந்துவிட்டால், டிரைவர் வழியில் எவ்வளவு வேகமாக ஓட்டியிருப்பார் என்று கவலை. செகந்திராபாத்தை ஒட்டிய பாலாநகரில் விமானக் கருவிகளுக்கு எலெக்ட்ரானிக் பலகைகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தர ஆய்வுப் பிரிவில் அவருக்கு வேலை. ஈயம் உருக்கிச் சால்டர் வைத்த இடங்கள் பின்னாளில் எங்கே விட்டுப்போகும் என்று பூதக்கண்ணாடியில் தேடிக்கொண்டிருப்பதற்குத்தான் சம்பளம். அந்தக் கண்ணாடியை வேலை முடிந்ததும் கழற்றி வைக்காமல் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுகிறார் என்பாள் அவர் மனைவி வசந்தி.

அப்பேர்ப்பட்டவருக்கு நெஞ்சு படபடக்காத இடம் ஒன்று உண்டு. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில், அவர்கள் குடியிருக்கும் மாடி வீட்டு ஹாலில், சமையல் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் கிடக்கும் பிரம்பு நாற்காலி.

செல்லப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது. காபி போடுவார், பால் பொங்கிவிடுமோ என்ற பயத்தில் அடுப்பைவிட்டு நகராமல் நின்று, கடைசியில் பொங்கவிடுவார். ஆனால் ஆபிட்ஸ் நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் விரிக்கும் பழைய புத்தகக் கடைக்காரர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். பள்ளிக்கூட கைடுகளுக்கும் கம்ப்யூட்டர் புத்தகங்களுக்கும் அடியில் ஒரு சமையல் புத்தகம் கிடைத்துவிட்டால் எடுத்து வைத்துவிடுவார்கள். குக்கர் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது, செகந்திராபாத் பக்கத்து மாதர் சங்கம் ஒன்று நிதி திரட்டப் போட்டது, அட்டை போய், மஞ்சள் கறை படிந்து, யாரோ ஒரு அம்மாள் ஓரத்தில் ‘உப்பு கூட’ என்று எழுதி வைத்தது, எல்லாம் அவருக்கு வேண்டும்.

நாவல் படித்தால் நடுவில் யாராவது செத்துப்போகிறார்கள். பேப்பரைத் தொடவே பயம். சமையல் புத்தகத்தில் எதுவும் தப்பாகப் போவதில்லை. வெங்காயம் சொன்ன நேரத்தில் பொன்னிறமாகிவிடும். எண்ணெய் தானாகப் பிரிந்து வரும். அவர் தமிழிலும் இங்கிலீஷிலும் படித்தவர். இரண்டு மொழிப் புத்தகங்களுக்கும் குணம் வேறு என்பார். தமிழ்ப் புத்தகம் ‘தேவையான அளவு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். எவ்வளவு தேவை என்று அவர் பாட்டுக்குக் கவலைப்பட வேண்டியதுதான். இங்கிலீஷ் புத்தகம் கிராம் கணக்கில் சொல்லி, ‘திரிந்துபோனாலும் பதற வேண்டாம்’ என்று கையையும் பிடித்துக்கொள்ளும். அந்த வரியை அவர் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார்.

திருநெல்வேலி சைவக் குடும்பம். முட்டைகூட வாயில் பட்டதில்லை. ஆனாலும் அவருக்கு அதிகம் பிடித்தவை மீன் புத்தகங்கள்தான். சாம்பார் என்றால் அடுத்த வரி என்ன என்று தெரிந்துவிடும். மீன் அப்படி இல்லை. செதில் உரசுவது, வயிற்றைக் கீறுவது, மண்சட்டியைக் கரண்டி போடாமல் சுழற்றுவது எல்லாம், தான் ஒருபோதும் போகப்போவதில்லை என்று தெரிந்த ஊரின் தெருப்பெயர்களைப் போல அவருக்கு இனித்தன.

இந்த நிம்மதிக்கு வேட்டு வைத்தது பக்கத்து வீட்டு வாசனை.

மாடியில் இரண்டு வீடுகள். ஒன்றில் செல்லப்பா, இன்னொன்றில் ஐ.டி. வேலைக்காகத் தூத்துக்குடியிலிருந்து புதிதாக வந்த கோபியும் சுபாஸ்ரீயும். கீழே வீட்டுச் சொந்தக்காரர் ராகவேந்திரா, ஓய்வு பெற்ற ஜூனியர் காலேஜ் கணக்கு வாத்தியார். காலனியே அவரை ‘மாஸ்டாரு’ என்றுதான் கூப்பிடும். ஏகாதசியன்று வெங்காயம்கூட நுழையாத வீடு. கேட்டில் தொங்கும் டு-லெட் பலகையில், வாடகைக்கு முன்னால் ‘வெஜிடேரியன்ஸ் ஒன்லி’ என்றுதான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டுச் சமையலறையிலிருந்து அந்த வாசனை வந்தபோது, செல்லப்பாவுக்கு முதலில் உண்டானது சந்தோஷம். எத்தனை தடவை படித்த பக்கம் அது. புளி கொதிக்கிறது, கத்திரிக்காய் வெந்துவிட்டது, இப்போது கழுவிய கருவாட்டை உள்ளே போட்டிருக்கிறார்கள். ‘சமைக்கும்போது ஜன்னல்களைத் திறந்து வைப்பது நல்லது’ என்று புத்தகத்தில் போட்டிருக்கும். திறந்துதான் வைத்திருந்தார்கள். அது நினைவுக்கு வந்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. அந்த ஜன்னலுக்கு நேர் கீழே மாஸ்டாருவின் பூஜை அறை.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் வாசனை வந்தது. பிறகு மாஸ்டாருவே வந்தார்.

“செல்லப்பா காரு, ஒண்ணு கேட்கணும். தப்பா நினைக்காதீங்க” என்று தெலுங்கில் ஆரம்பித்தார். செருப்பைக் கழற்றி ஹாலுக்குள் வந்தவரின் கண் நேராக அலமாரிக்குப் போனது. போன வாரம் ஆபிட்ஸில் வாங்கிய கனத்த இங்கிலீஷ் புத்தகம் மேல்தட்டில் இருந்தது. அட்டையில் வாழையிலை மேல் ஒரு முழு மீன். மீன் மாஸ்டாருவைப் பார்த்தது. மாஸ்டாரு மீனைப் பார்த்தார்.

“இது என்ன?”

“புஸ்தகம் மாஸ்டாரு.”

“அது தெரியுது. எதுக்கு?”

“படிக்க.”

“படிச்சு?”

“படிச்சு... வச்சிருவேன்.”

மாஸ்டாரு ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார். இறால், நண்டு, ஆட்டுக்கால். “பரீட்சை இல்லாதவன் கைடு வாங்க மாட்டான் செல்லப்பா காரு. சமைக்காதவனுக்கு எதுக்கு இத்தனை புஸ்தகம்? வாசனை இங்கேர்ந்துதான் வருதுன்னு எங்க வீட்டில் சொன்னப்போகூட நான் நம்பலை.”

“சத்தியமா நாங்க இல்ல மாஸ்டாரு.”

“அப்போ யாரு?”

செல்லப்பா மீன் படம் போட்ட புத்தகத்தை எடுத்து, அட்டை தெரியாமல் கவிழ்த்து வைத்தார்.

“மாசக் கடைசிக்குள்ள இந்தப் புஸ்தகங்க என் வீட்டைவிட்டுப் போகணும். இல்லேன்னா நீங்க வேற வீடு பார்த்துக்குங்க.” சொல்லிவிட்டு, வருத்தத்தோடுதான் இறங்கிப் போனார்.

மகள் வர்ஷினிக்கு இது பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். வருஷ நடுவில் வீடு மாறுவதை நினைத்தாலே செல்லப்பாவுக்குக் கண்ணைக் கட்டியது. வசந்தி சமையலறையிலிருந்து வந்தாள்.

“வாசம் எங்கயிருந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்?”

“தெரியும்.”

“பின்ன சொல்ல வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“எப்படிட்டி சொல்லுவேன்? அவங்க சைவம்னு மாஸ்டாருகிட்ட சொன்னதே நான்தான?”

ஹோம்வொர்க்கிலிருந்து தலை தூக்காமல் வர்ஷினி, “அது மன ப்ராப்ளம் காது நான்னா, ஜஸ்ட் டெல் ஹிம்” என்றாள். நம்ம பிரச்சினை இல்லையாம், சொல்லிவிட வேண்டியதுதானாம். நம்ம பிரச்சினையாகிப் போனதுதானே பிரச்சினை என்று அவளுக்கு எந்த மொழியில் விளக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். கோபியும் சுபாஸ்ரீயும் வீடு பார்க்க வந்த அன்று, தெலுங்கு தெரியாமல் கேட்டருகே முழித்துக்கொண்டிருந்தார்கள். ‘அண்ணாச்சி’ என்று கோபி கூப்பிட்டதும் செல்லப்பா உருகிப்போனார். மொழிபெயர்ப்பாளராக நடுவில் நின்றார். மாஸ்டாரு, “உங்க ஊர்ப்பக்கம்தானே, சுத்த சைவமான்னு கேளுங்க” என்றார். செல்லப்பா கேட்கவில்லை. சைவமா என்று கேட்டால் என்ன சாதி என்று கேட்டதாக ஆகிவிடும். முன்பின் தெரியாத பிள்ளைகளிடம் அதை எப்படிக் கேட்பது? கேட்பதற்குப் பதில் கோபியிடம், “தண்ணி காலையில ஆறு மணிக்கு வருமாம்” என்று சொன்னார். கோபி தலையாட்டினான். செல்லப்பா மாஸ்டாரு பக்கம் திரும்பி, “சைவம்தான் மாஸ்டாரு” என்றார்.

மாசக் கடைசி நெருங்க நெருங்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சனத்நகரில் ஒரு நண்பர் வீட்டுப் பரணில் இடம் கேட்டிருந்தார். பரண் என்றால் எலி. எலி என்றால் புத்தகத்தின் பசை போட்ட முதுகுதான் முதலில் போகும். அட்டைப்பெட்டிகள் வாங்கிவந்து, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, ஒரு பக்கம் மட்டும் என்று திறந்து, நின்றபடியே படித்து, பெட்டிக்குள் வைத்தார். வைத்ததை மறுபடியும் எடுத்தார்.

கதவு திறந்திருந்ததைப் பார்த்து கோபியும் சுபாஸ்ரீயும் எட்டிப் பார்த்தார்கள்.

“என்ன அண்ணாச்சி, வீடு காலி பண்ணுதியளா?”

“இல்லப்பா. புஸ்தகம் மட்டும்தான். ஓனருக்குப் பிடிக்கல.”

சுபாஸ்ரீ தரையில் உட்கார்ந்து ஒன்றைப் புரட்டினாள். “இங்க பாருங்க, நெத்திலிக் கருவாட்டுக்குத் தேங்கா அரைச்சு ஊத்தச் சொல்லிருக்கு. எங்கம்மா பாத்தா இந்தப் புஸ்தகத்தையே குழம்புல போட்டுருவா.”

“அப்படியா?” செல்லப்பாவுக்குக் கவலை ஒரு நிமிஷம் மறந்தது. “அதுல கன்னியாகுமரிப் பக்கத்துக் கை தெரியுதும்மா. தூத்துக்குடியில நல்லெண்ணெய் மட்டும்தான?”

“தின்னாமலே இம்புட்டுத் தெரியுமா?” என்று அவள் சிரித்தாள்.

“பரண்ல எதுக்குப் போடணும் அண்ணாச்சி?” என்றான் கோபி. “எங்க வீட்ல அலமாரி சும்மாதான் கெடக்கு. வேணுங்கிறப்ப வந்து படிங்க. நாங்க மீன் சாப்புடுதவங்கன்னு ஓனருக்குத்தான் தெரியுமே, எங்ககிட்ட இருந்தா வித்தியாசமாத் தோணாது.”

செல்லப்பாவின் கையிலிருந்த புத்தகம் பெட்டிக்குள் விழுந்தது. “அவருக்குத் தெரியும்னு யாரு சொன்னா?”

“போர்டைப் பாத்துப் பயந்தோம், ஆனா அன்னைக்கு நீங்கதான எல்லாத்தையும் பேசி முடிச்சிய? தெரியாமலா வீடு கொடுத்திருப்பாரு?”

இந்தப் பிள்ளைகள் பொய் சொல்லவே இல்லை. பயமில்லாமல் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைத்ததன் காரணம் இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போனார். பாதிப் படியில் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். அதற்குள் மாஸ்டாரு வராந்தாவிலிருந்து பார்த்துவிட்டார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். “தப்பு அவங்க மேல இல்ல மாஸ்டாரு. நீங்க கேக்கச் சொன்னதை நான் கேக்கவே இல்ல. யாராவது காலி பண்ணணும்னா நான் பண்ணுதேன்.”

“ஏன் கேக்கலை?”

“எங்க ஊர்ல அது கேக்கக் கூடாத கேள்வி.”

“இங்கே போர்டுலயே எழுதி வச்சிருக்கு.” மாஸ்டாரு கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். “சரி. அவங்க சாப்பிடறாங்க, அதனால சமைக்கறாங்க. அது புரியுது. அந்தப் பையன்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்கதான் எனக்குப் புரியலை. சாப்பிடவும் மாட்டீங்க, சமைக்கவும் மாட்டீங்க. பின்னே அதுல என்னதான் இருக்கு? அந்த மீன் படம் போட்டதைக் கொண்டுவாங்க.”

“வீட்டு விஷயம்...”

“பார்த்துட்டுச் சொல்றேன்.”

செல்லப்பா அதைச் செய்தித்தாளில் சுற்றி, மீன் கண் வெளியே தெரியாமல் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மறுநாள் கோபி வந்தான். “மீனு, கருவாடு மட்டும் வீட்ல வேண்டாம், ஆசையா இருந்தா ஓட்டல்ல சாப்பிட்டுக்கோங்கன்னாரு அண்ணாச்சி. இருந்துட்டுப் போங்கன்னுட்டாரு. நீங்க எங்ககிட்டயே கேட்டிருக்கலாம். நாங்க ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டோம்.” செல்லப்பாவுக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் அவரைப் பற்றி மாஸ்டாரு ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம். பெட்டிகள் கட்டிய கயிற்றோடு ஹாலிலேயே கிடந்தன. கீழே இருமல் கேட்டால் அவருக்குத் தூக்கிப்போட்டது. வாங்கி வைத்திருக்கும் புத்தகத்தைப் படித்தே கோபம் அதிகமாகிவிடுமோ? எழுபதாம் பக்கத்துக்கு மேல் நண்டு வருகிறது. உயிரோடு கொதிநீரில் போடச் சொல்லியிருக்கும். அதைக் கிழித்துவிட்டுக் கொடுத்திருக்கலாமோ?

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை படியில் செருப்புச் சத்தம். வசந்தி ஈரக்கையோடு வந்து கதவோரம் நின்றாள். மாஸ்டாரு புத்தகத்தோடு உள்ளே வந்தார். பக்கங்களுக்கிடையே காகிதத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

“செல்லப்பா காரு, இது சரியில்லை.”

“மாஸ்டாரு, நான் இன்னைக்கே...”

“இங்கே பாருங்க. பொருள்கள்ல வெந்தயம் ஒரு ஸ்பூன்னு கொடுத்திருக்கான். செய்முறையில வெந்தயமே வரலை. கடைசி வரிவரை பார்த்துட்டேன். அந்த வெந்தயம் என்ன ஆச்சு?”

செல்லப்பாவுக்குக் கேள்வி உள்ளே போகக் கொஞ்சம் நேரம் பிடித்தது. “எந்தப் பக்கம்?” என்று வாங்கிப் பார்த்தார். “அச்சுப் பிழையா இருக்கும்.”

“அச்சுப் பிழைன்னு விட முடியாது. இன்னொரு இடத்துல புளியை ஊறவச்சவன் அதைத் தொடவே இல்லை. ஊறிக்கிட்டே இருக்கு. எனக்கு ராத்திரி தூக்கம் வரலை.”

“எண்ணெய் காய்ஞ்சதும் முதல்ல வெந்தயம்தான் போகணும் மாஸ்டாரு. இதே குழம்பு மலபார்ப் பக்கத்துப் புஸ்தகம் ஒண்ணுல இருக்கு. ஒத்துப் பாத்திரலாம்.” செல்லப்பா பெட்டிக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். மாஸ்டாரு குரலைத் தாழ்த்தி, “மீன்னு வர்ற இடத்துல எல்லாம் கத்திரிக்காய்னு நினைச்சுக்கிட்டுத்தான் படிக்கறேன். எங்க வீட்டில் சொல்லிடாதீங்க” என்றார்.

போகும்போது இன்னும் இரண்டு புத்தகங்களைச் செய்தித்தாளில் சுற்றித் தரச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.

“வீட்டைப் பத்தி என்ன சொன்னாரு?” என்றாள் வசந்தி.

“ஒண்ணும் சொல்லல. அடுத்த ஞாயித்துக்கிழமை வாரேன்னாரு.”

“அப்ப இருக்கச் சொல்லிட்டாருன்னுதான் அர்த்தம். பெட்டியைப் பிரிங்க. நடக்க வழியில்ல.” அவள் முகம் தெளிந்துவிட்டது.

செல்லப்பாவின் முகம் தெளியவில்லை. மாஸ்டாரு திருப்பிக் கொடுத்த புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க வந்து பாரேன் வசந்தி” என்றார் கலவரத்தோடு. “ஒவ்வொரு சாமானுக்கும் பென்சில்ல டிக் போட்டிருக்காரு. அந்த ரெண்டுலயும் கிறுக்கிருவாரே, கொடுத்திருக்கக் கூடாதோ?”