நாலு வேலை, ஒரே அதட்டல்

"ஒங்கப்பா வீட்டுலயும் இப்படித்தானா?"

துபாய் சத்வாவில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டு தியாகு அண்ணன் என்னிடம் இதைக் கேட்டார். 2008ஆம் வருடம். அன்று காலையில்தான் அவர் டிரைவிங் டெஸ்டில் மூன்றாவது முறையாகத் தோற்றிருந்தார். இன்னும் ஒரு தடவை பார்ப்போம், அதிலும் தேறாவிட்டால் ஊருக்கு டிக்கெட் என்று டாக்சி கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என் அப்பா. நான் டீயைப் பார்த்தபடி நின்றேன்.

அப்பாவின் பெயர் செல்வநாயகம். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் ஏழுபனைவிளை. பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்து, மலைப்பாதைகளில் லாரி ஓட்டி, அவில்தாராகத் திரும்பி வந்தார். ராணுவத்துக்காரர் நேர்மையாக இருப்பார் என்று ஊர் அவரைப் பஞ்சாயத்துத் தலைவராக்கியது. காசு விஷயத்தில் நேர்மையாகத்தான் இருந்தார். ஆனால் ஊரையே பட்டாளம் மாதிரி நடத்தினார். அடுத்த தேர்தலில் தோற்றார். பிறகு துபாய்க்கு வந்து சத்வாவில் ஒரு கஃபெட்டீரியா திறந்தார். டீ குடிக்க வந்தவர்களை வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டினால் யார் வருவார்கள்? கடையை மூட வேண்டியதாயிற்று. கடைசியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தார்.

நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, மேலே படிக்கவும் மனமில்லாமல், எந்த வேலையிலும் நிலைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன். "லைசென்ஸாவது எடுத்துத் தொலை" என்று அப்பா என்னையும் தன்னிடமே ஓட்டப் படிக்கச் சேர்த்துவிட்டார். தியாகு அண்ணன் ஓட்டும்போது நான் பின்சீட்டில் இருப்பேன். நான் ஓட்டும்போது அவர் பின்னால் உட்காருவார். அவரும் ஏழுபனைவிளைதான் என்று முதல் நாளே சொன்னார். எந்தத் தெரு, யார் மகன் என்று அப்பா கேட்கவில்லை. ஊர்க்காரர்களைத் துபாயில் பார்க்க அவருக்குப் பிடிக்காது.

நேர் ரோட்டில் தியாகு அண்ணன் என்னைவிட நன்றாக ஓட்டுவார். ரவுண்டபவுட் வந்தால் போதும், எல்லாம் போய்விடும்.

"ரவுண்டு எடுல! நிக்காத! தேஸ், தேஸ்! ரவுண்டு எடு!"

'தேஸ்' என்றால் பட்டாளத்து இந்தியில் வேகம். அப்பா கத்தக் கத்த தியாகு அண்ணன் கால் பிரேக்குக்குப் போகும். நடுவில் வண்டி நின்றுவிடும். பின்னாலிருந்து எல்லாரும் ஹாரன் அடிப்பார்கள்.

"வண்டி ஓட்டச் சொல்லுதாரா, சண்டைக்கு அனுப்புதாரா?" என்று வண்டியை விட்டு இறங்கியதும் தியாகு அண்ணன் என்னிடம் சிரிப்பார். நானும் சிரிப்பேன். வீட்டிலும் அப்பா அப்படித்தான். சாப்பிடக் கூப்பிடுவதுகூட அதட்டலாகத்தான் இருக்கும். அதற்குப் பயந்து, பசியில்லை என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்ட நாட்கள் உண்டு. அதை அந்த டீக்கடையில் சொல்ல வெட்கமாக இருந்தது.

மூன்றாவது டெஸ்டுக்குப் பிறகு வந்த முதல் கிளாசிலும் அதேபோல் வண்டி நின்றது. அப்பா ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"நல்லாத்தானல ஓட்டுத. ரவுண்டபவுட்டக் கண்டா மட்டும் ஏம்ல செத்துப்போற?"

தியாகு அண்ணன் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத் திரும்பினார்.

"என்னைத் தெரியலையா தலைவரே? தண்ணித் தொட்டில பித்தளைக் குழாயக் காணலன்னு ஒரு பயல ஓடவிட்டீங்களே. தலைக்கு மேல செங்கலத் தூக்கிக்கிட்டு, தொட்டியச் சுத்தி. 'ரவுண்டு எடு, ரவுண்டு எடு'ன்னு. அது நாந்தான். அந்தச் சத்தத்தக் கேட்டா கை தன்னால மேல போகப் பாக்குது. ஸ்டியரிங்க எப்படிப் பிடிக்க?"

அப்பா மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் குழாய் கெடச்சிட்டு தியாகு. பஞ்சாயத்து பிட்டர்தான் ரிப்பேருக்குக் கழட்டிட்டுப் போயிருக்கான். ஒரு வாரத்துலயே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"சொன்னா தலைவரு தப்புப் பண்ணிட்டாருன்னு ஆயிரும்லா." அப்பா முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார். "தப்புதான். என்னை மன்னிச்சிரு."

"இந்தக் காருக்குள்ள மூணு பேருதான் இருக்கோம் தலைவரே. அன்னைக்கு ஊரே நின்னு பாத்துச்சு."

என் முகத்தை அப்பா பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் ஸ்கூலில் பேசி, தியாகு அண்ணனைச் சத்தமே போடாத ஒரு பாகிஸ்தானி வாத்தியாரிடம் மாற்றிவிட்டார். நாலாவது டெஸ்டில் தியாகு அண்ணன் ரவுண்டபவுட்டை ஒழுங்காகத்தான் சுற்றினாராம். அப்புறம் லேன் மாறும்போது தோளுக்குப் பின்னால் பார்க்க மறந்து தோற்றுவிட்டார். எங்கள் காரில் அதையெல்லாம் பழக அவருக்கு நேரம் எங்கே கிடைத்தது? முதல் மூன்று டெஸ்டும் ரவுண்டபவுட்டிலேயே போயிருந்தன.

அவர் ஊருக்குப் புறப்பட்ட அன்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அவர் தங்கியிருந்த லேபர் கேம்புக்குப் போனார். தியாகு அண்ணன் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அப்பா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊருல இன்னும் என்ன 'குழாய்'னுதான் கூப்பிடுதானுவ" என்றார் தியாகு அண்ணன், முடிச்சுப் போட்டபடியே. "பொண்ணு கேட்டுப் போன வீட்டுலயும் அதத்தான் கேட்டாவ. துபாய் டிரைவர்னு ஆயிட்டா அந்தப் பேரு மாறும்னு வந்தேன். சரி விடுங்க."

கோபப்பட்டுத் திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவிடம், "இதை நான் எழுதட்டுமா?" என்று கேட்டேன். "எழுது. எம்பேர மறைக்காத" என்றார். இன்று வரை அவர் ஊருக்குப் போகவில்லை. ஊர் முச்சந்தியில் நின்று உண்மையைச் சொல்ல அவருக்கு இன்னும் துணிவு வரவில்லை. எனக்கும் அவரைப் பிடித்து இழுத்துப்போகத் துணிவில்லை.

அதனால் வளைகுடாவில் வேலை பார்க்கும் உங்களைக் கேட்கிறேன். ஏழுபனைவிளைப் பக்கத்து ஆட்கள் உங்கள் ரூமில் இருப்பார்கள், சைட்டில் இருப்பார்கள், லீவுக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். தியாகு குழாயை எடுக்கவில்லை. அவரை ஓடவிட்ட தலைவருக்கு அது ஒரு வாரத்திலேயே தெரியும். தலைவரின் மகன் பிரைட்தான் இதைச் சொல்லச் சொன்னான் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.