பொன்னாடை போட்ட தோள்

எங்கள் வீட்டுச் சாமி அறைக் கதவுக்குப் பின்னால், ஓர் ஆணியில் அக்காவின் ஸ்லிங் தொங்குகிறது. கையைத் தாங்கும் கறுப்புத் துணிப் பை, கழுத்தில் மாட்டும் பட்டை, இடுப்புக்கும் கைக்கும் நடுவில் வைக்கும் சின்னத் தலையணை. போன வாரம் அதே ஆணியில் ஒரு பொன்னாடையும் வந்து ஏறிக்கொண்டது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

அக்கா மூவார் டவுனில் ஒரு நாற்காலி, மேசை செய்யும் தொழிற்சாலையில் பலகை அடுக்கிக்கொண்டிருந்தவள். மாமா தவறிய பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். ஒருநாள் வலது தோளில் தசைநார் அறுந்து, கையைத் தூக்க முடியாமல் போயிற்று. என் மனைவிதான் அவளுக்குத் தலை சீவிவிட்டாள். ஆஸ்பத்திரியில் இப்போது தோளைப் பிளப்பதில்லை. சின்னத் துளை வழியாகக் கேமராவை விட்டு, எலும்பில் திருகாணி போல ஒன்றை இறக்கி, அதில் கோத்த நூலால் அறுந்த நாரை எலும்போடு இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். அக்காவுக்கும் அப்படித்தான் செய்தார்கள். கத்தி வைக்குமுன் டாக்டர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார் என்று அக்கா சொன்னாள். அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாரோ, என் கையும் தானாகக் குவிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது தமிழ் நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி படித்துப் படித்துச் சொன்னாள்: “அக்கா, நூல் ஒட்ட வைக்காது. சும்மா புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். ஒட்டுறது உங்க உடம்போட வேலை. அதுவரைக்கும் ஒரு சட்டிகூடத் தூக்கக் கூடாது.”

ஆனால் அக்காவின் தோளில் இருந்தது மூன்று சின்னத் தழும்பு மட்டுமே. அதுதான் வினையாயிற்று. பார்க்க வந்த உறவுக்காரிகள் சட்டைக்கையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். “அலமாக்! கொசு கடிச்ச மாதிரி இருக்கு. இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?” “என் கொழுந்தனுக்கு இம்மாம் நீளத்துக்குக் கிழிச்சுத் தச்சாங்க. அது ஆப்பரேஷன்லா!” தையல் வெளியே தெரிந்திருந்தால் பரிதாபப்பட்டிருப்பார்கள். உள்ளே இருந்ததால் நடிப்பு என்றார்கள். அக்கா கூசிப்போய், ஆள் வந்தாலே ஸ்லிங்கை முந்தானையால் மூடிக்கொள்வாள்.

ஆப்பரேஷன் முடிந்த ஒரு மாதத்தில், போன வருஷ மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. அன்னதானச் சமையலில் அக்காவின் கைப்பக்குவம் பேர்போனது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் போதும் என்றுதான் கூப்பிட்டார்கள். சாதம் வெந்து, அண்டாவை இறக்க ஓர் ஆள் குறைந்தது. கோயில் தலைவர் அக்காவைப் பார்த்து, “நீங்க ஒரு பக்கம் புடிங்கம்மா” என்றார். “அண்ணே, அவங்களுக்கு இன்னும் ஒட்டலை” என்று பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த நான் கத்தினேன். “நீ என்னப்பா, டாக்டரா? ஆத்தாளுக்குத் தூக்குற கைக்கு ஒண்ணும் ஆகாதுலா” என்றார். ஆத்தா பேரைச் சொன்னதும் அக்கா ஸ்லிங்கைக் கழற்றிவிட்டாள். நான் ஓடிப்போய் அண்டாவைத் தாங்குவதற்குள் துணி கிழிந்தாற்போல ஒரு சத்தம். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். திருகாணி அசையவில்லை, நூலும் அறவில்லை. நூல் பிடித்திருந்த நார்தான் பிய்ந்து, சுருங்கி, உள்ளே போய்விட்டது. இனி இழுத்தாலும் எலும்பை எட்டாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சேதி கேட்ட தலைவர், “எல்லாம் ஆத்தா சித்தம்” என்றாராம். எப்படி ஐயா வாய் வந்தது? ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்கே இது தெரிகிறது. அம்மன் அந்த அண்டாவைத் தூக்கச் சொல்லவில்லை. நீங்கள் சொன்னீர்கள். உங்கள் அவசரத்தை அவள் தலையில் ஏன் போடுகிறீர்கள்?

இந்த வருஷத் திருவிழாவில் ‘நெடுநாள் சேவை’ என்று மேடைக்கு அழைத்து, அக்காவுக்கு அந்தத் தோளிலேயே பொன்னாடை போர்த்தினார் அதே தலைவர். எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்கா அதை ஸ்லிங்குக்கு மேலேயே மாட்டிவிட்டாள். ஸ்லிங் இருந்த இடமே தெரியவில்லை.

நேற்று விளக்கேற்றும் நேரத்தில் பொன்னாடையை எடுத்து மடித்தேன். “ஏன்டா தம்பி, சாமி சந்நிதியில போட்டதுடா” என்றாள்.

“சாமி போடலக்கா” என்றேன்.

அவள் சூடம் ஏற்றினாள். சூடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். இடது கை தலைக்கு மேல் போயிற்று. வலது கை நெஞ்சோடு நின்றுவிட்டது. பொன்னாடையைப் பீரோவின் அடித்தட்டில் போட்டுப் பூட்டினேன். ஸ்லிங் மட்டும் ஆணியில் இருக்கிறது. அடுத்த வருஷத் திருவிழாவுக்குக் கூப்பிட வருகிறவர்கள் சாமி அறைக்குள் வந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும்.