ஒன்றரை கேபினா, இரட்டை கேபினா: தென்காசிப் பக்கம் வண்டி பார்க்கப் போன கதை

என் தங்கை மகன் ஒரு பிக்கப் வாங்கப்போகிறான். முன் சீட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஒரு சின்ன சீட் மட்டும் இருக்கிற வண்டியா, நாலு கதவு வைத்த வண்டியா என்று இரண்டு வாரமாகப் போனில் என் தலையைத் தின்கிறான். "பெரியம்மா, அந்தக் காலத்துலயே ரெண்டையும் ஓட்டிப் பாத்து வாங்கினவங்க நீங்க" என்கிறான். நான் எங்கே ஓட்டினேன்? பின்னால் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அப்படி உட்கார்ந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்லத்தான், 1986 ஆடி மாதம் தென்காசி, குற்றாலம், கடையநல்லூர் என்று நாங்கள் சுற்றிய அந்த ஒரு நாளை இங்கே எழுதுகிறேன். பழைய வண்டி பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு உதவும். என்னைப் போல எவரைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக உதவும்.

அப்போது எங்களுக்குக் கடையம். என் வீட்டுக்காரர் கல்யாணச் சமையல் மாஸ்டர். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டது, நானும் அப்படியே பழகிவிட்டேன். காய் நறுக்க, தேங்காய் துருவ, பாத்திரம் கழுவ நான்கு பெண்கள் எங்களோடு வருவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாக வீடு சேர்ப்பது என் பொறுப்பு. வாடகை லாரியில் அண்டா, விறகு, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து வருவார்கள். நான் மட்டும் மகாராணி மாதிரி முன்னால்.

அந்த ஆனி மாதம் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பும்போது, ஒரு வளைவில் பெரிய அண்டா சரிந்து பேச்சியின் காலில் விழுந்தது. பேச்சி எங்கள் நாலு பேரில் மூத்தவள். எலும்பு முறிந்துவிட்டது. பார்க்கப் போன என்னிடம் அவள் அழவில்லை, கோபப்பட்டாள். "எக்கா, அண்டாவுக்கு அடியில சாக்கு விரிச்சிய. எங்களுக்கு என்னத்த விரிச்சிய?" என்றாள். உள்ளே உட்கார இடம் இல்லாத வண்டியில் இனி ஏறமாட்டோம் என்று மற்ற மூன்று பேரும் சொல்லிவிட்டார்கள். ஆவணியில் வரிசையாகக் கல்யாணங்கள் ஒப்புக்கொண்டிருந்தோம். அவர்கள் வராவிட்டால் அடுப்பு எரியாது. அதைவிட, இன்னொரு பேச்சியைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது போல அப்போது நாலு கதவு பிக்கப்பை ஷோரூமில் போய்ப் பார்த்து வாங்க முடியாது. ஜீப் சேசிஸ் வாங்கிப் பட்டறையில் கேபின் கட்டிக்கொள்வார்கள். யார் எதை வெட்டி எதில் ஒட்டினார்கள் என்பது ஒட்டியவனுக்குத்தான் வெளிச்சம்.

காலை ஏழேகால் பஸ்ஸில் கிளம்பினோம். கடையத்திலிருந்து தென்காசி சுமார் பதினெட்டு கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்கு இரண்டு ரூபாய்க்குள்தான். மாஸ்டர் கையில் ஒரு டேப் வைத்திருந்தார். பெரிய அண்டாவின் வாய் அகலமும் கிரைண்டரின் நீளமும் அவருக்கு மனப்பாடம். நாலு பெண்கள் உட்கார எவ்வளவு அகலம் வேண்டும் என்று கேட்டேன். "அதெல்லாம் நெருக்கி உக்காந்துகிடுவாளுவ" என்றார். அங்கேயே எனக்கு அவர்மேல் முதல் சந்தேகம் விழுந்தது.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் தரகர் காத்திருந்தார். சுப்பையா அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், தேன் ஒழுகும் பேச்சு. இவ்வளவு இனிப்பாகப் பேசுகிறவரிடம் எதையும் வாங்கக் கூடாது என்பது என் கொள்கை. முதலில் குத்துக்கல்வலசையில் ஒரு பட்டறைக்குக் கூட்டிப் போனார். அங்கே நின்றது, அவர் வாய்மொழியில் 'ஒன்றரை கேபின்'. இரண்டே கதவு. முன் சீட்டை மடக்கினால் பின்னால் ஒரு குட்டி சீட். பின்புறப் பெட்டி நல்ல நீளம். விலை நாற்பத்தெட்டாயிரம்.

"ஆளும் ஏறலாம், சாமானும் ஏத்தலாம். ரெண்டும் ஒண்ணுல இருக்குல்லா!" என்றார் தரகர், மாஸ்டரைப் பார்த்து. என் பக்கம் திரும்பவே இல்லை. பின் சீட்டில் உட்காரப்போவது நான் கொண்டுவரும் பெண்கள், ஆனால் அதைப் பற்றிய பேச்சு முழுக்க என் வீட்டுக்காரரிடம். மாஸ்டர் டேப்பை விரித்துப் பெட்டியை அளந்தார். முகம் மலர்ந்துவிட்டது. அண்டாவும் கிரைண்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்குமாம்.

ஏற்றத்தில் இழுக்கிறதா என்று பார்க்க ஐந்தருவி வரை போகலாம் என்றார்கள். நான் பின்னால் உட்காருகிறேன் என்றேன். "நீங்க எதுக்கும்மா? முன்னால வசதியா இருங்க" என்றார் தரகர். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிவாதமாகப் பின்னால் ஏறினேன். முன் சீட்டை மடக்கி, புடவையைச் சுருட்டி, தலையைக் குனிந்து உள்ளே போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. முழங்கால் முன் சீட்டில் இடித்தது. பக்கக் கண்ணாடி திறக்காது.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர், அங்கிருந்து ஐந்தருவிக்கு இன்னொரு ஐந்து. நல்ல சாரல். வெளியே ஊரே குளிர்ந்துகிடக்க, உள்ளே எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஐந்தருவியில் வண்டியை நிறுத்தினார்கள். ஓட்டிவந்த பட்டறைக்காரர் ஒரு பக்கம் இறங்கினார். மாஸ்டரும் தரகரும் இன்னொரு பக்கம் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, இன்ஜின் இழுவையைப் புகழ்ந்துகொண்டே டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

நான் உள்ளே இருந்தேன். சீட்டை மடக்கும் கொக்கி முன்பக்கம், கீழே. பின்னாலிருந்து கைக்கு எட்டவில்லை. கண்ணாடியைத் தட்டினேன். அருவியில் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு போன ஒரு அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். வேடிக்கைக்குத் தட்டுகிறேன் என்று நினைத்திருப்பாள். எனக்கு அழுகை வந்தது, சும்மா சொல்லவில்லை. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே இப்படி என்றால், கவிழ்ந்து கிடந்தால் நாலு பெண்கள் என்ன செய்வார்கள்?

கால் மணி நேரம் கழித்து மாஸ்டர் ஒரு பை மங்குஸ்தானோடு வந்தார். "ஏட்டி, நீ இறங்கலியா?" என்று கேட்டார். அந்த மங்குஸ்தானை நான் தொடவே இல்லை.

"அந்த இன்னொரு வண்டியப் பாப்போம்" என்றேன். தரகர் முகம் சுருங்கியது. கடையநல்லூரில் ஒரு நாலு கதவு வண்டி இருப்பதாகக் காலையில் அவரே வாய்தவறிச் சொல்லியிருந்தார். "அது பெட்டி சின்னதும்மா. ஒங்களுக்குத் தோதுப்படாது" என்றார். ஏன் மறைக்கிறார்? எனக்கு ஆர்வம் கூடிவிட்டது. தென்காசியில் சாப்பிட்டுவிட்டு, பதினேழு கிலோமீட்டர் பஸ்ஸில் போனோம்.

வண்டி ஒரு வீட்டின் பக்கவாட்டில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறவர். அங்கே இந்த மாதிரி வண்டிகளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோயம்புத்தூரில் கேபின் கட்டச்சொல்லி வாங்கினாராம். அவருடைய மச்சினர் காஜா தார்ப்பாயை விலக்கினார். முன்னால் முழு சீட், பின்னால் முழு சீட். பின் சீட்டுக்குத் தனியாக இரண்டு கதவு. அதிகம் ஓடாத வண்டி, சீட் உறைகூடப் புதுசு. விலை நாற்பத்தோராயிரம்.

புதுசு போல இருக்கிற வண்டி, ஏழாயிரம் குறைவு. எனக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. மாஸ்டர் பெட்டியை அளந்து உதட்டைப் பிதுக்கினார். ஒன்றரை அடி குறைந்தது. அண்டா வைத்தால் கிரைண்டருக்கு இடமில்லை. அவர் அளக்கட்டும் என்று நான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். கால் நீட்ட முடிந்தது. கண்ணாடி இறங்கியது. நாலு பேர் தாராளமாக உட்காரலாம். சரி என்று இறங்கப் போனால், கதவின் உள்பக்கம் கைப்பிடி இல்லை.

நகர்ந்து அந்தப் பக்கக் கதவைப் பார்த்தேன். அதிலும் இல்லை. உடைந்த மாதிரியும் இல்லை. திருகாணி இருந்த இடத்தில் சின்ன ரப்பர் மூடி போட்டு அழகாக அடைத்திருந்தது. கண்ணாடி வழியாகக் கையை வெளியே விட்டுத் திறந்து இறங்கினேன். முன் கதவுகளில் கைப்பிடி இருந்தது. பின்னால் ஏறுகிறவர் இறங்கக் கூடாது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார். புளியரை செக்போஸ்ட் தாண்டிக் கேரளத்துக்கு அரிசி கடத்தும் வண்டிகளைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அரிசி மூட்டை கதவைத் திறந்துகொண்டு ஓடாதே. அப்படியானால் ஆட்களா? யாரை அடைத்துக் கொண்டுபோனார்கள்?

"இந்தக் கைப்பிடி எங்கன?" என்று கேட்டேன்.

காஜா தரகரைப் பார்த்தார். தரகர் முந்திக்கொண்டார். "சின்னப் பிள்ளை இருக்க வீடுல்லாம்மா. ஓடுத வண்டியில தொறந்துறக் கூடாதுன்னு கழத்தியிருக்காவ."

நான் வாசலைப் பார்த்தேன். பெரியவர்கள் செருப்பு மூன்று ஜோடி. சின்னச் செருப்பு ஒன்றுகூட இல்லை. கொடியில் சின்னச் சட்டை இல்லை. சுவரில் கிறுக்கல் இல்லை. பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் சத்தமாகவே சொன்னேன்: "எந்தப் பிள்ளை அண்ணாச்சி? இந்த வீட்ல பிள்ளை இருக்க அடையாளமே இல்லையே!"

உள்ளே யாரோ எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் நிலைப்படியில் வந்து நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. வண்டிக்காரரின் மனைவி, ஜுலைகா.

"இருந்தாம்மா. இப்ப இல்ல" என்றாள்.

குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பும்போது நடந்ததாம். ஐந்து வயதுப் பெண். பின் சீட்டில் அம்மாவின் பக்கத்தில்தான் இருந்தது. அவள் ஈரத் துணியைப் பையில் திணிக்கக் குனிந்திருக்கிறாள். பிள்ளை கைப்பிடியை இழுத்துவிட்டது.

இதைக் கேட்டபோது எனக்கு வந்த நினைப்பையும் எழுதிவிடுகிறேன். விலை குறைத்துக் கேட்டுவிடக் கூடாது என்று கதை கட்டுகிறார்களோ என்று ஒரு கணம் தோன்றியது. என் புத்தி அப்படி. ஆனால் அவள் அழவே இல்லை. இன்னொரு சந்தேகமும் வந்து, அதை என்னால் அடக்க முடியவில்லை. "பிள்ள போனதுக்கப்புறமா கழத்துனிய?" என்று கேட்டேன்.

"ஆமா. அவ வாப்பா தந்தி கெடச்சு வந்தாவ. வந்ததும் வராததுமா திருப்புளிய எடுத்துட்டு வண்டிக்குள்ள போயி உக்காந்துட்டாவ. ரெண்டையும் கழத்திட்டுத்தான் வீட்டுக்குள்ள வந்தாவ. இனி யாருக்குக் கழத்துதியன்னு கேட்டேன். துபாய்க்கே திரும்பிப் போயிட்டாவ. வித்துறச் சொல்லி இப்ப எழுதியிருக்காவ."

மாஸ்டர் டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார். தரகர் சந்தனம் கலைய நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இந்த வண்டியை அவர் ஏன் மறைத்தார் என்று அப்போதுதான் புரிந்தது. இந்த வாசலுக்கு ஆள் கூட்டிவந்து, இந்தக் கேள்வியைக் கேட்கவைக்க அவருக்கு மனசில்லை. நான் வந்து கேட்டுவிட்டேன்.

ஜுலைகா என்னைப் பார்த்து, "நீங்க எடுத்துக்கிடுங்க. அந்தக் கைப்பிடிய மட்டும் திரும்ப மாட்டிராதிய" என்றாள்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். மாஸ்டர் என் முழங்கையைத் தொட்டு, தலையாட்டு என்றுதான் சொன்னார். என்னால் முடியவில்லை. "மாட்டத்தாம்மா செய்வேன்" என்றேன். "நாலு பொம்பளைய பின்னால வருவாவ. அடுப்புச் சாமானோட போற வண்டி. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவளுவளா தொறந்து இறங்கணும். யாராவது வந்து தொறப்பாவன்னு உக்காந்திருக்க முடியாது. இன்னைக்குக் காலையில நான் அப்படி உக்காந்திருந்தேன்." பேச்சியின் காலையும் சொன்னேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது என்று நினைத்தேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. அவளுக்குப் பொய் சொல்லியிருந்தால்தான் வருத்தமாக இருந்திருக்கும். நாங்கள் செருப்பு மாட்டும்போது திரும்பி வந்தாள். கையில் ஒரு பழைய கைக்குட்டைப் பொட்டலம். உள்ளே இரண்டு கைப்பிடிகள், அவற்றின் திருகாணிகள். எல்லாவற்றிலும் எண்ணெய் தடவியிருந்தது.

"துருப்பிடிக்காம வச்சிருக்காவ. நல்லா முறுக்கி மாட்டச் சொல்லுங்க" என்றாள்.

வண்டியை வாங்கினோம். கேட்ட விலைதான், நான் பேரம் பேசவில்லை. என் வாழ்க்கையில் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் அது. தரகர் தன் கமிஷனில் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அன்றைக்குக் கேட்டது போதும்.

வண்டி வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு: பெட்டியை அளப்பதற்கு முன்னால் பின்னால் யார் உட்காரப்போகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள். சாமானும் எப்போதாவது ஒரு ஆளும் என்றால் ஒன்றரை கேபின் போதும், நீளம் கிடைக்கும். ஆட்கள் தினமும் ஏறுவார்கள் என்றால் நாலு கதவு வாங்குங்கள், குறைகிற அடிக்கு வேறு வழி பாருங்கள். நாங்கள் கிரைண்டரைக் கல்யாணம் நடக்கும் ஊரிலேயே வாடகைக்கு எடுத்தோம். எந்த வண்டியானாலும் ஓட்டிப் பார்ப்பதோடு நிற்காமல், நீங்களே பின்னால் ஏறி, கதவைச் சாத்தி, யார் உதவியும் இல்லாமல் இறங்கிப் பாருங்கள். இப்போதைய வண்டிகளில் பின் கதவின் ஓரத்தில் பிள்ளைகளுக்கான சின்னப் பூட்டு ஒன்று இருக்கும். பிள்ளைகள் ஏறினால் போடுங்கள், பெரியவர்கள் ஏறினால் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

பதினோரு வருஷம் அந்த வண்டி எங்களிடம் ஓடியது. கால் எலும்பு கூடிய பிறகு பேச்சியும் வந்தாள், பின் சீட்டில் கதவோரம்தான் உட்காருவாள். கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவர்களே திறந்து, அவர்களே இறங்குவார்கள். பின்னால் அந்தக் கைப்பிடிச் சத்தம் கேட்டால் நான் உடனே வெளியே சக்கரத்தைப் பார்ப்பேன், வண்டி நின்றுவிட்டதா என்று.