மிரேயின் இடது முழங்கால்

இரண்டு மாதத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கதவைத் தட்டியது எதிர் அப்பார்ட்மென்டில் இருக்கும் மிரேய். கையில் ஊன்றுகோல், இடது முழங்காலில் கட்டு.

"மடாம், இண்டைக்கு லீவோ? என்னோடை கிளினிக்குக்கு வருவீங்களோ?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

பிரெஞ்சு என்னைவிட அவளுக்கு நன்றாக வரும். டாக்டரோடு பேச நான் தேவையில்லை. பிறகு எதற்கு? கேட்கவில்லை. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மிரேய் கமரூன்காரி. வயது முப்பத்தொன்று. இங்கே மொன்ட்ரியாலில் ஒரு பெண்கள் கால்பந்து அணியின் ஸ்ட்ரைக்கர் — கோல் போடுவதுதான் வேலை. அதற்கு முந்தைய வாரம் ஒரு ஆட்டத்தில் மோதுண்டு விழுந்தாள். மூன்று வருடத்துக்கு முன் தசைநார் அறுந்து ஆபரேஷன் செய்த அதே முழங்கால். ஸ்கேன் எடுத்தாயிற்று. அன்று ரிசல்ட்.

எங்கள் வீடுகளில் முழங்கால் என்பது ஐம்பதுக்குப் பிறகு வரும் பேச்சு. எண்ணெய் பூசுவோம், ஆளுக்காள் வைத்தியம் சொல்வோம். அவளுக்கு அப்படியா?

காத்திருந்த நேரத்தில் தன் கதையைச் சொன்னாள். சொந்த ஊரான டுவாலாவில், சின்ன வயதில், அண்ணன்மார் அவளைக் கோல்கீப்பராக நிறுத்தினார்களாம். ஒரு நாள் பிடித்த பந்தைக் காலில் போட்டு, எல்லோரையும் தாண்டி ஓடி, மறுபக்கத்தில் கோல் அடித்தாள். அதற்குப் பிறகு யாரும் அவளைக் கோலுக்குள் நிறுத்தவில்லை.

பத்தொன்பதில் தேசிய அணி. பிறகு துருக்கி. பிறகு சுவீடனின் வடக்கே ஒரு சின்ன ஊர் — பனியை ஒதுக்கிவிட்டு ஆடுவார்களாம். அங்கேதான் கால் போனது. கிளப் கைவிட்டது. தேசிய அணியிலிருந்தும் அழைப்பு வரவில்லை. ஒரு வருடம் தனியாக ஓடிப் பழகி, பழைய கோல்களின் வீடியோவை நாடு நாடாக அனுப்பி... கடைசியில் மொன்ட்ரியால். அம்மாவோ ஒவ்வொரு போன் பேச்சின் முடிவிலும், எப்போது நிறுத்தப் போகிறாய் என்றுதான் கேட்பாராம்.

"இன்னொரு ஆபரேஷன் எண்டால் முடிஞ்சுது, மடாம். இந்த வயதிலை என்னை ஆர் எடுப்பினம்?"

சரிந்த ஊன்றுகோலை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். என்னையும் வரச் சொன்னாள். டாக்டர் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். தசைநார் அப்படியே இருக்கிறது, எலும்பு அடிபட்டுக் கன்றியிருக்கிறது, ஆறு வாரத்தில் ஓடலாம் என்றார்.

மிரேய் அசையவில்லை. "இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றாள். சொன்னார். மறுபடியும் கேட்டாள். மூன்றாம் முறைதான் அழுதாள். நான் கைப்பைக்குள் டிஷ்யூ தேடினேன்.

காருக்குள் ஏறியதும் அம்மாவுக்கு போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சும் ஒலி. பிறகு ஒரே கேள்வி.

"அடுத்த மாட்ச் எப்ப?"

"போதும், விடு" என்று பிள்ளைகளிடம் எத்தனை தரம் சொல்லியிருக்கிறோம்? அவர்களின் கனவு உண்மையிலேயே கைவிட்டுப் போகப் பார்க்கும்போதுதான், நாமும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிகிறது.

போன சனிக்கிழமை அந்த அடுத்த மாட்ச். நானும் இவரும் போயிருந்தோம். கடைசி இருபது நிமிடத்துக்கு மிரேயை இறக்கினார்கள். வந்ததும் ஒரு சுலபமான கோலைத் தவறவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி குறுக்கே பாய, விழுந்தாள். இடது கால் அடியில்.

நான் எழுந்துவிட்டேன். இவர் என் கையைப் பிடித்தார்.

"எழும்புவாள். பொறும்."

எழும்பினாள். புல்லைத் தட்டிவிட்டு, பந்து போன பக்கம் ஓடினாள்.

அவள் கோல் போடவில்லை. அணி தோற்றது. நாங்கள் இருவரும் உள்ளங்கை சிவக்கச் சிவக்கக் கைதட்டினோம். முன் வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, தோற்றதற்கா இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டார்.

ஓம் என்றேன்.