பட்டி வைத்த படகு

போன வாரம் எங்கள் குடியிருப்பின் கேட்டுக்கு நீலப் பெயிண்ட் அடித்தார்கள். டர்பன்டைன் வாடை மாடியேறி வந்ததுமே ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டேன். சிரிக்காதீர்கள், ஐம்பதை நெருங்குகிறவள் ஒரு பெயிண்ட் டப்பாவுக்குப் பயப்படுகிறாளே என்று.

எனக்கு இருபது வயதிருக்கும்போது நாங்கள் திருவொற்றியூர் கடலோரத்தில் இருந்தோம். நான் கல்மண்டபத்தில், சரக்கு அனுப்புகிற ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். அண்ணன் அந்தோணியிடம் சின்ன மரப்படகு ஒன்று இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை நாலு பேர் அதைத் தூக்கிவந்து வீட்டு வாசலில் கவிழ்த்துப்போடுவார்கள். சந்தே அடைத்துக்கொள்ளும். எதிர்வீட்டுக்காரர் திட்டிக்கொண்டே சுற்றிப்போவார்.

பழைய பெயிண்டைச் சுரண்டுவது என் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை, அடிப்பலகையில் ஓரிடத்தில் கத்தி சதக்கென்று இறங்கியது. மரம் டீயில் ஊறின பன் மாதிரி இருந்தது. அண்ணனிடம் சொன்னால் ஆசாரியைத் தேட வேண்டும், பொழுது போய்விடும். எனக்கோ மேட்னி ஷோவுக்குத் தோழி காத்திருந்தாள். விரிசலுக்கு வைக்கிற பட்டியை அப்பித் தேய்த்து, மேலே இரண்டு கை நீலம் அடித்துவிட்டேன். அண்ணன் தடவிப் பார்த்து மெச்சினான். அன்றைக்குப் பார்த்த படம் என்னவென்று இப்போது கேட்டால் தெரியாது.

மூன்றாம் நாள் விடியலில் அவன் கடலுக்குப் போனான். பத்து மணிக்குக் காற்று எழுந்து ஆபீஸ் ஜன்னல்கள் அடித்துக்கொண்டன. ஒரே கடிதத்தை நாலு தடவை தப்பாக அடித்தேன். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு (அது பொய்யுமில்லை) பஸ் பிடித்துக் கரைக்கு ஓடிவந்தேன். மற்ற படகுகளெல்லாம் கரையேறியிருந்தன. அவனுடையது மட்டும் இல்லை. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. கையை விட்டுவிட்டு இரண்டடி தள்ளிப்போய் நின்றாள். அதற்குப் பதில் அடித்திருக்கலாம்.

மூன்று மணிக்கு ஒரு மோட்டார் படகு அவன் படகைக் கயிறு கட்டி இழுத்துவந்தது. படகுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று அண்ணன் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தான். ஓட்டையில் அவன் சட்டை.

"நான்தாண்ணே பட்டி வச்சி மூடினேன்" என்றேன்.

அவன் இன்னும் இரண்டு வாளி இறைத்து ஊற்றினான். பிறகு, "ஒரு வார்த்த சொல்லிர்ந்தா வூட்லயே குந்திகினு இருந்திருப்பேனே" என்றான்.

அண்ணி மாதக்கணக்கில் முகம்கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வருஷம் படகு வாசலுக்கு வந்தபோது நான் வெளியே வரவேயில்லை. அண்ணன்தான் உள்ளே வந்து கத்தியை நீட்டினான். "நீயே பாரு. இனிமே உன் கண்ணுக்குத் தப்பாது." பலகை பலகையாகக் குத்திப் பார்த்தேன். அண்ணி டீ கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

அந்தப் படகு விறகாகி ரொம்ப நாளாகிறது. அண்ணன் மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன். எங்கள் வீட்டு வரிசையைக் கடல் கொண்டுபோய்விட்டது. சென்ற மாதம் போய், அன்று அண்ணியும் நானும் நின்ற மணலைத் தேடினேன். கடலைத் தடுக்கப் போட்ட கருங்கல் குவியல்மேல் அலை அடித்துக்கொண்டிருந்தது. நிற்க இடமில்லை.