அறுநூற்றுப் பன்னிரண்டாவது எபிசோட்

என் அக்காவுக்கு வேலை செய்யும் இடத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். சட்டை தைக்கிற கம்பெனியில், செக்கிங் பிரிவில், முப்பத்தொரு வருடம். தைத்து முடித்த சட்டை அவள் மேசைக்கு வரும். காலர், தோள், கை, பொத்தான் பட்டி என்று வரிசையாகத் தடவிப் பார்த்து, எங்கே தையல் விட்டிருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். அவள் கையில் சிக்கி எந்தச் சட்டையும் தப்பித்ததில்லை. தைக்கிற பெண்கள் அவளைத் திட்டாத நாளும் இல்லை.

எனக்கு ஒன்பது வயதில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அக்காவுக்குப் பத்தொன்பது. அந்த மாதமே வேலைக்குப் போனாள். என்னைப் படிக்க வைத்தாள், வேலை வாங்கிக் கொடுத்தாள், பெண் பார்த்துக் கட்டி வைத்தாள். நீ ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

இரண்டு அறையும் கூடமும் உள்ள வீடு, அவள் பெயரில் அவள் வாங்கியது. ஓர் அறையை எனக்கும் என் மனைவிக்கும் கொடுத்தாள். மகள் பிறந்து வளர்ந்ததும் இன்னோர் அறையை அவளுக்குக் கொடுத்தாள். தான் கூடத்தில் டிவிக்குக் கீழே பாயை விரித்துக்கொண்டாள். கூடத்தில் காற்று நன்றாக வருகிறது என்று நாங்களே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தோம்.

மாலை ஏழு மணிக்கு அவளுடைய சீரியல். தம்பிகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு அவர்களாலேயே துரத்தப்படுகிற ஒரு பெரிய அக்காவின் கதை. ஆறரைக்கு வேலையிலிருந்து வருவாள், முகம் கழுவுவாள், உலை வைத்துவிட்டு வந்து உட்காருவாள். அழுவதற்காகப் பார்க்கிறாள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். சட்டையைப் பார்க்கிற கண்ணோடுதான் சீரியலையும் பார்ப்பாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது பச்சை வளையல், தெருவில் நடக்கும்போது சிவப்பு வளையல் என்பாள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனுக்குத் தலைக்கட்டு நேற்று இடப்பக்கம் இருந்தது என்பாள். இவ்வளவு குற்றம் கண்டுபிடிக்கிறவள் எதற்காக ஒரு நாள் விடாமல் பார்க்கிறாள் என்று நானும் மனைவியும் கேலி செய்வோம்.

அறுநூற்றுப் பன்னிரண்டாவது எபிசோடில்தான் அவள் அழுது முதன்முதலாகப் பார்த்தோம். அன்றைக்கு எல்லா வீட்டிலும் அழுதார்கள். பல வருடம் கழித்துக் கடைசித் தம்பி வந்து அக்காவின் காலில் விழுந்து, நீதான் எனக்கு அம்மா என்று கதறுகிற எபிசோட் அது. வெங்காயம் உரித்தாலும் கண் கலங்காத என் மனைவியே மூக்கை உறிஞ்சினாள். திரும்பிப் பார்த்தால் அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையல் முடிந்ததும் கைபேசியில் அந்த எபிசோடைப் போட்டுப் பார்ப்பதும் அழுவதும் வழக்கமாகிவிட்டது. எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. சிரிக்கவும் செய்தோம், அவள் காதில் விழும்படியாகவே.

அந்த வருடம் என் மனைவிக்குப் புதிதாகக் கட்டுகிற அடுக்குமாடியில் ஒரு வீடு பிடித்துப்போயிற்று. இந்த வீட்டை விற்றால் அதை வாங்கலாம். அங்கேயும் இரண்டே அறை, கூடமோ பாய் விரிக்க முடியாத அளவு. அக்காவுக்கு அவள் கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஒரு பெண்கள் விடுதி இருக்கிறது, பஸ் ஏறி அலைய வேண்டாம் பாருங்கள் என்றாள் மனைவி. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வீட்டை என் பெயருக்கு எழுதிக் கொடு என்று மூன்று முறை கேட்டேன். முதல் இரண்டு முறை, நான் எங்கடா போவேன் என்றாள். மூன்றாவது முறை டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

கல்லும் கரைகிற இடம் ஒன்று உண்டு, அது எந்த எபிசோட் என்று நமக்குத் தெரியும் என்றாள் மனைவி. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கைபேசியை எடுத்தபோது நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் தம்பி விழுந்தான். இங்கே நானும் விழுந்தேன். நீதான் எனக்கு அம்மா என்றேன். குரல்கூட நன்றாகத்தான் உடைந்தது. பத்திரம் தயாராக என் பைக்குள் இருந்தது.

அக்கா காலை மெதுவாக இழுத்துக்கொண்டாள். "விழறதுக்கு முன்னாடி கதவைப் பார்த்தே. அங்க உன் பொண்டாட்டி நிக்கிறா. எழுந்திரு, துணி அழுக்காகும்" என்றாள். எனக்கும் ஓர் அம்பு ஸ்டிக்கர். அவமானத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் வழக்கம்போல என் துணியைத் துவைத்துப் போட்டாள்.

விடுவேனா நான்? அவளோடு வேலை செய்கிற, பொத்தான் தைக்கிற பெண்ணைச் சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனி வாசலில் பிடித்தேன். இருபது வருடத் தோழி, ஒரே டப்பாவைத் திறந்து இரண்டு பேரும் சாப்பிடுகிறவர்கள். அக்காவைச் சந்தோஷப்படுத்த வேண்டும், அவளுக்குப் பிடித்தது எது என்றே எனக்குத் தெரியவில்லை என்று மூஞ்சியைத் தொங்கப் போட்டேன். அந்த எபிசோடைப் பார்த்து அப்படி அழுகிறாளே, நான் காலில் விழுந்தும் மனம் இரங்கவில்லையே என்றேன். அவள் நம்பிவிட்டாள், பாவம். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அவ அழறது கால்ல விழற சீனுக்கு இல்ல தம்பி. அதெல்லாம் நடிப்புன்னு சொல்லிடுவா. அதுக்கு முன்னாடி வாட்ச்மேன் ஒருத்தர் வருவாரு. அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டி ஓட்டிப் பார்ப்பா."

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். எட்டாவது நிமிடத்தில் இருந்தது. நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிற நேரம் அது. இன்னொரு தம்பியின் கல்யாணம் நடக்கிற மண்டபத்துக்கு வெளியே, உள்ளே போகக்கூடாது என்று சொல்லப்பட்ட அக்கா நிற்கிறாள். வாசலில் ஒரு கிழட்டு வாட்ச்மேன், முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. சாப்பிட்டியாம்மா என்று கேட்கிறான். இல்லை என்று தலையாட்டுகிறாள். தன் டப்பாவில் பாதியை மூடியில் வைத்து நீட்டுகிறான். அவ்வளவுதான். பாட்டு இல்லை, அழுகை இல்லை, அரை நிமிடம்கூட இல்லை. அந்த வாட்ச்மேன் அதற்குப் பிறகு சீரியலில் வரவே இல்லை.

புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முப்பத்தொரு வருடமாகச் சாப்பிட்டியாடா, சாப்பிட்டியாம்மா, பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தவள் அவள். சமைப்பவளும் பரிமாறுபவளும் அவளே என்பதால் அவளிடம் அதைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. நெஞ்சு ஒரு நிமிடம் அடைத்தது, உண்மை. அந்த ஒரு நிமிடத்தோடு நான் நின்றிருந்தால் இதை இப்போது எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூன்று பேருக்கும் பரிமாறிவிட்டுச் சமையலறை மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மனைவியை அறைக்குள் இருக்கச் சொல்லிவிட்டேன். இந்த முறை எந்தக் கதவையும் பார்க்கவில்லை.

"அக்கா, நீ சாப்பிட்டியா?"

துடைத்த கை நின்றது. கண் நிறைந்து வழிந்தது. மறைக்கக்கூடத் தெரியாமல் அப்படியே நின்றாள். ஒன்பது வயதில் நான் காய்ச்சலில் கிடந்தபோது அவளுக்கு இருந்த அதே முகம்.

"இல்லடா" என்றாள்.

நான் மேடையின் ஈரம் படாத ஓரத்தில் பத்திரத்தை வைத்தேன். பேனாவையும் திறந்து வைத்தேன்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பத்திரத்தை எடுத்து, சட்டையைப் பார்ப்பதுபோல, முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகப் படித்தாள். அவசரப்படவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் தலை நிமிராமலே சொன்னாள்.

"அந்த வாட்ச்மேன் கையில பேப்பர் எதுவும் இல்லடா."

பிறகு நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். வேறு எங்கேயாவது போட வேண்டுமா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு மனைவியிடம் காட்ட ஓடினேன். அன்றைக்கு அவள் சாப்பிட்டாளா என்று எனக்குத் தெரியாது.