டெலிபோனும் பொத்திய வாயும்

யுத்த காலத்தில் அறந்தாங்கியில் ஓர் ஆபீஸ் சுவரில் டெலிபோன் மாட்டினார்கள். அதில் பேசப் பழக்கிவிட்டு வர என்னை மூன்று நாள் அனுப்பினார்கள். அங்கே ஒரு குமாஸ்தா. ஒல்லியான உடம்பு, நெற்றி நிறைய திருநீறு, மடிப்புக் கலையாத தோள்துண்டு. என்னிடம் கணீரென்று பேசுவார். டெலிபோனில் மேலதிகாரியின் குரல் கேட்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இடது கையில் குழலைப் பிடித்து, வலது கையால் வாயைப் பொத்திக்கொள்வார். அதிகாரிகள் முன்னால் அப்படியே நின்று பழகியவர். எதுவும் காதில் விழாமல் மறுமுனையில் அதிகாரி கத்துவார்.

“கையை எடுங்க. நீங்க நிக்கிறது அவுங்களுக்குத் தெரியவா போகுது?” என்றேன்.

“புரியுது தம்பி. அவுங்க சத்தம் கேட்டா கை தானாப் போயிருது.”

மூன்று நாளும் அந்தக் கையை என்னால் இறக்க முடியவில்லை. எனக்குக் கொடுத்த தாளில் பழகியவர், பழகாதவர் என்று இரண்டே பத்திகள். மூன்றாவது ஒன்று வேண்டும் என்று அதை அச்சடித்த புண்ணியவான்களுக்குத் தோன்றவில்லை. இரண்டாவதில் அவர் பெயரை எழுதினேன். அதில் இருப்பவருக்கு வேலை நிலைக்காது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

புறப்படும்போது தாளைக் காட்டினேன். படித்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் ஏதோ சொன்னார்.

எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.